ஒன்றே முக்கால் மணி

எங்கள் ஊர் வழிகாட்டித் தகடுகளில்
கிலோமீட்டர் கிடையாது.
ரயில் நிலையத்துக்கு எதிரே நிற்கும் மஞ்சள் தகடு
மர அறுவை ஆலைக்கு அரை மணி என்கிறது,
குளத்தைச் சுற்றிவர ஐம்பது நிமிடம்,
கணவாய்க்கு ஒன்றே முக்கால் மணி.

யாருடைய கால் அந்த முக்கால்
என்று போகுஷிடம் கேட்டேன்.
வார நாட்களில் மின்சார வேலை, சனிக்கிழமைகளில்
பெயின்ட் டப்பாவும் தட்டைத் தூரிகையுமாக
மரங்களில் வழிக்குறி வரைகிறவன்.
வெள்ளை, நிறம், வெள்ளை: மூன்று பட்டை,
உள்ளங்கை அகலம்.
"எனக்கு முன்னால் இருந்தவர் நடந்து போட்ட கணக்கு.
வழியில் சிகரெட் பிடிப்பார்" என்றான்.
கொஞ்சம் யோசித்து, "ரெண்டு."

நான் பல் டாக்டரிடம் உதவியாளர்.
பகலெல்லாம் அடுத்தவர் வாயைத் திறக்கச் சொல்கிறவள்
விடியுமுன் என் வாயைத் திறந்துகொண்டு ஓடுகிறேன்.

தாமதமாக எழுந்தால் மஞ்சள் குறி, குளக்கரை.
ஹெத்விகாவின் நாய் ஏழாவது மின்கம்பம் வரை துரத்தும்.
எட்டாவது அதன் நாடில்லை.
கோபம் இருந்தால் நீலம்:
போப்ராட் ஆற்றோரம், வேர்மேல் வேர்.
காலடியைத் தவிர எதையும் பார்க்க முடியாது,
எதற்குக் கோபம் என்பது ஆலை வருமுன் நழுவிவிடும்.
பச்சையில் நான் போவதில்லை. அது கல்லறைத் தோட்டம் வழி,
அங்கே தெரிந்தவர்கள் அதிகம்.

சிவப்பு ஞாயிற்றுக்கிழமைக்கு.
தாத்ராவின் அடிவயிற்றுப் பைன் காட்டில் நுழைந்து
முதுகுக்குப் பின்னால் ஊரை மூடிவிட்டு ஏறும் சிவப்பு.
கரடிக்குக் கேட்கட்டும் என்று
இடுப்பில் ஒரு மணி கட்டியிருக்கிறேன்.
தகட்டின் மணியை
இடுப்பின் மணி வென்றுகொண்டே வந்தது:
ஐம்பத்தெட்டு நிமிடம். ஐம்பத்தாறு.
ஒரு ஜூனில் ஐம்பத்து மூன்றரை.
கணவாயில் மூச்சு வாங்கும்.
வாங்கியதற்கு யாரும் விலை கேட்டதில்லை.

நவம்பரில் ஒரு பிற்பகல் காற்று வந்தது.
நாற்காலி விளக்கு அணைந்துபோய்
திருமதி ஸ்லாவ்காவின் கடைவாய்ப் பல்லைக்
கைபேசி வெளிச்சத்தில் அடைத்து முடித்தோம்.
ஞாயிறன்று ஏறினேன்.

காடு படுத்திருந்தது.

மரத்தோடு குறியும் விழுந்திருந்தது.
இடப்பக்கம் திரும்பச் சொன்ன அம்பு
வானத்தைக் காட்டியது.
இன்னொன்று குப்புறக் கிடந்து
மண்ணுக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தது.
ஓட ஓரடி இடமில்லை.
அடிமரங்களில் ஏறி இறங்கி
பிசின் அப்பிய முழங்காலோடு
ஒரு வேர்க்குழியருகே திரும்பினால்,
ஊர்.
பதினோரு வருடம் ஓடிய பாதையிலிருந்து
முதல் முறையாக ஊர்:
ஆலையின் புகைபோக்கி, தண்டவாள வளைவு,
அணைக்க மறந்து வந்த என் அடுப்படி விளக்கு.
அழகாக இருந்தது.
அப்படித் தோன்றியது தப்பு போலவும் இருந்தது.

ஏப்ரலில் அறுத்து அகற்றினார்கள்.
மரமில்லாத இடத்தில் கம்பம் நட்டுக் குறி வரைந்தான் போகுஷ்.
பாதை சுற்றிக்கொண்டு போகிறது, பழைய கணக்கு செல்லாது என்றான்.
"நீ போய் நேரம் பார்த்துச் சொல்லு.
நடந்து. ஓடக் கூடாது."

நடந்தேன்.
கைகளை என்ன செய்வதென்று தெரியவில்லை.
ஓட்டத்தில் கிணுகிணுத்த மணி
நடைக்கு மாடு போல ஆடியது.
வேர்க்குழிகளில் ராஸ்பெர்ரி துளிர்த்திருந்தது.
ஊர் தெரியும் இடத்தில் உட்கார்ந்தேன்.
கொஞ்சம் மேலே போய்,
தேவையில்லாமல், இன்னொரு முறை.

இப்போது ரயில் நிலையத்துக்கு எதிரே
பெயின்ட் வாசனை போகாத தகடு:
கணவாய், இரண்டே கால் மணி.
இரண்டே கால்.
இரண்டும் என்னுடையவை.

நேற்று கோஷிட்சே ரயிலில் வந்திறங்கிய ஒரு பையன்
தகட்டைப் படித்தான், சிரித்தான்,
கைக்கடிகாரத்தை அழுத்திவிட்டு ஓடத் தொடங்கினான்.
இடுப்பில் மணி இல்லை.
கத்திச் சொன்னேன்.
அதற்குள் முதல் சிவப்பைத் தாண்டிவிட்டான்.